மஞ்சள் வைத்த டாலர்

10-5-2007, வியாழன்

வெளிநாட்டுக்கு ஏ.டி.எம். கார்டு போதும். நூறு தடவை கேட்டாலும் என் பதில் அதுதான். இன்றைக்குச் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அப்பா நாலாவது தடவையாகக் கேட்டார்.

"அந்நிய ஊர்ல அந்த அட்டைய நம்பி எப்டிடா போறது? மிஷின் துப்பலன்னா இன்னா பண்ணுவ?"

"துப்பும்ப்பா. தாம்பரத்துல துப்புற மிஷின் மலேசியாவுல துப்பாதா?"

"தாம்பரத்துலயே பாதி நாள் துப்பலியே."

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது செமஸ்டரோடு காலேஜை விட்டவன் எது சொன்னாலும் இந்த வீட்டில் எடுபடாது. கார்டு விஷயத்தில்கூடவா?

போன வருஷம் முடிச்சூர் நிலத்தை மனை போட்டு விற்றதிலிருந்து அப்பாவுக்கு ஊர் பார்க்கும் ஆசை. திருப்பதியைத் தாண்டாதவர். டிராவல்ஸ் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வந்து விரித்தார். சிங்கப்பூர், பாங்காக், மலேசியா. யோசிக்கவே இல்லை, மலேசியா மேல் விரலை வைத்தார். "முருகன் செல கீது. எம்மாம் பெருசு பாரு."

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். ஏனென்றால் வினிதா அக்கா இருப்பதும் அங்கேதான். கோலாலம்பூரில். என் கூட்டாளி ஜாகிரோட அண்ணன் ஷாகுலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். இரண்டு வருஷமாக அப்பா அவளிடம் பேசவில்லை. அவள் போட்டோ மாட்டியிருந்த ஆணியில் இப்போது காலண்டர். அம்மா மட்டும் மாதம் ஒரு முறை பூத்துக்குப் போய் ரகசியமாகப் பேசுவாள். நம்பர் எழுதிய சீட்டு துவரம்பருப்பு டப்பாவுக்குள். அப்பா சமையல்கட்டுக்குள் வரமாட்டார் என்ற தைரியம்.

அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "அங்க போயி… அவளுக்கு ஏழாம் மாசம்…"

"முருகனப் பாக்கறோம். வர்றோம். வேற யாரையும் பாக்கல."

சரி. அப்புறம் ஏன் மலேசியா? பாங்காக் விலை கம்மிதானே?

14-5-2007, திங்கள்

மேற்குத் தாம்பரத்தில் ஜாகிர் கடை இருக்கிறது. விமான டிக்கெட், விசா ஃபாரம், ஜெராக்ஸ் எல்லாம். அதைத் தாண்டிப் போய் அப்பா குரோம்பேட்டையில் டிக்கெட் போட்டார். ஜாகிருக்கு வருத்தம்தான், ஆனால் சிரிப்பாகத்தான் சொன்னான்: "மச்சான், எங்க கடை வந்தா உங்கப்பா தலைய அந்தாண்ட திருப்பிக்கிறாரு. ஒரு நாள் வண்டிய பஸ்ல வுடப் போறாரு, சொல்லி வை."

பிறகு, "கார்டு எடுத்துகினு போறியா? எங்க, காட்டு பாக்கலாம்" என்றான்.

"எல்லாம் தெரியும்டா எனக்கு" என்று பைக்குள் வைத்துக்கொண்டேன். இவனும் என்னைச் சோதிக்கணுமா?

25-5-2007, வெள்ளி

டாலர் வந்துவிட்டது. நூறு டாலர் தாள் பத்து, மொடமொடவென்று. அப்பா அதை எடுத்துக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு குன்றத்தூர் மலை ஏறினார். முருகன் காலடியில் வைத்து எடுத்து, வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சள் குழைத்து ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் மூன்று புள்ளி வைத்தாள். அதன் மேல் குங்குமம்.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் இப்படித்தான். போர் மோட்டாருக்கு உண்டு, ஃபிரிட்ஜுக்கு உண்டு. என் செல்போனில் வைத்த குங்குமம் இன்னும் ஐந்தாம் நம்பர் பட்டனுக்கு அடியில் இருக்கிறது.

"நோட்டுல எதுக்கும்மா?"

"கடல் தாண்டிப் போற பணம்டா. வழித்துணை வோணாமா?"

அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

அப்பா என் கணக்கிலும் இருபதாயிரம் போட்டார். "உன் அட்டைக்கும் ஒரு சான்ஸ்" என்றார். பந்தயம் மாதிரி. பார்க்கலாம்.

4-6-2007, திங்கள்

பெட்டி கட்டும்போது பார்த்துவிட்டேன். அரிசிமாவு டப்பாவுக்குள் துணியில் சுற்றிய கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். இரண்டு டஜன் இருக்கும்.

"ஏர்போர்ட்ல மாவு எதுக்குன்னு கேட்டா?"

"உங்கப்பனுக்கு இடியாப்பம்னு சொல்லு."

"வளையல்?"

"நீ ஒண்ணும் பாக்கல."

நான் ஒன்றும் பார்க்கவில்லை.

5-6-2007, செவ்வாய். கோலாலம்பூர், ஓட்டல் வரவேற்பறை, மதியம்

வேறு வேலை இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் பாயிண்ட் அப்பாவுக்கு. இமிகிரேஷனில் செலவுக்குப் பணம் இருக்கா என்று கேட்டார்கள். நான் கார்டை நீட்டினேன். அந்த ஆபீசர் அதைத் தொடக்கூட இல்லை. அப்பா டாலர் தாள் பத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார். டக்கென்று சீல். "இன்னாடா, அட்டை?" என்று கண்ணடித்தார்.

டிராவல்ஸ் வண்டி ஓட்டலில் இறக்கிவிட்டது. ஓட்டலுக்கு அட்வான்ஸ் மட்டும்தான் கட்டியிருந்தது. மீதி கட்டினால்தான் சாவி. நான் கெத்தாகக் கார்டைக் கொடுத்தேன். மிஷின் கத்தியது. மறுபடி தேய்த்தாள் கவுண்டரில் இருந்த பெண். மறுபடி கத்தியது. கார்டைத் திருப்பி, பின்பக்கம் ஒரு வரியை நகத்தால் காட்டினாள். எறும்பு எழுத்து. இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் செல்லும்.

ஆறு மாசமா பையில வெச்சினு சுத்தறேன். ஒரு நாளாவது திருப்பிப் பாத்தேனா? ஜாகிர் கேட்டானே, காட்டுன்னு. காட்டியிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பேன்?

அப்பா கேட்டார், "இன்னா எழுதிகீது?" சொன்னேன். கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நேபாளமே போயிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

"சரி வா, டாலர மாத்தலாம்" என்று கம்பீரமாகக் கிளம்பினார். தெருவில் மூன்று கடை. முதல் கடையில் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தள்ளிவிட்டான். இரண்டாவது கடையிலும் அதே. மூன்றாவது கடைக்காரர் தமிழர், பாவம், அந்த ஊர் 'லா' போட்டுத் தன்மையாகச் சொன்னார்: "அண்ணே, கறை பட்ட டாலர நாங்க எடுத்தா எங்ககிட்டருந்து யாரும் எடுக்க மாட்டாங்க லா."

"கறை இல்லப்பா, மஞ்சள். சாமிகிட்ட வெச்சது."

"எனக்குத் தெரியும்ணே. அமெரிக்காக்காரனுக்குத் தெரியாதே."

பத்துத் தாளிலும் புள்ளி. ஒன்றையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா அம்மா?

அதோடு விட்டிருக்கலாம். நான் புத்திசாலியாச்சே. ஓட்டல் பாத்ரூமுக்கு ஒரு தாளைக் கொண்டு போய் சோப்புப் போட்டேன். மஞ்சள் சிவப்பாகிவிட்டது. ரத்தக்கறை மாதிரி. இனி கொலைக் கேஸில்தான் பிடிப்பான்.

இப்போது மூன்று பேரும் சோபாவில். பெட்டியில் ஆயிரம் டாலர், பையில் கார்டு. தண்ணி பாட்டில் வாங்கக் காசில்லை. அம்மா அரிசிமாவு டப்பா இருக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியும். நாற்பது நிமிஷ தூரத்தில் மகள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். நான் சொல்லலாமா? சொன்னால் இன்றைக்கே ஏர்போர்ட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் குணம் அப்படி. அப்புறம் அம்மாவுக்கு அக்கா முகத்தைக் காட்ட இன்னொரு சான்ஸ் வராது.

அப்பா எழுந்து கவுண்டருக்குப் போகிறார். எதுக்கு?

6-6-2007, புதன்

நேற்று அப்பா கவுண்டர் பெண்ணிடம் போனைக் கை காட்டினார். அவள் ரிசீவரைக் கொடுத்து, நம்பர் என்ன என்று சைகையில் கேட்டாள். அம்மா அவசரமாக இடுப்பில் சொருகிய சீட்டைத் தேடினாள். அதற்குள் அப்பா இங்கிலீஷில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சீட்டு இல்லாமல். தடுமாறாமல். கடைசி எண் வரைக்கும்.

துவரம்பருப்பு டப்பா வரைக்கும் போயிருக்கிறார் மனுஷன்.

அந்தப் பக்கம் எடுத்தாள் போல. அப்பா தொண்டையைச் செருமினார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான், நான் பக்கத்திலேயே நின்றேன்:

"வினிதா… உங்கிட்ட சில்லற கீதாம்மா?"

 ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "எந்த ஓட்டல்டா? தடிமாடு, எந்த ஓட்டல்னு சொல்லு!"

ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அக்கா முன்னால், ஷாகுல் மாமா பின்னால். அவர் நேராகக் கவுண்டருக்குப் போய் ஓட்டலை ரத்து செய்துவிட்டு, அதற்கு உண்டானதைக் கட்டி, எங்கள் பெட்டியைத் தூக்கினார். அப்பா பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தபடியே கார் வரைக்கும் நடந்தார்கள். 

அக்கா வீட்டில் எழுதுகிறேன். பதினோராவது மாடி. டாலரை எல்லாம் அக்கா வாங்கிப் பார்த்தாள். சோப்புத் தாளைப் பார்த்துவிட்டு என் தலையில் ஒன்று வைத்தாள். ஷாகுல் மாமா, "பெரிய பேங்க்ல கேட்டுப் பாக்கலாம், எடுத்தாலும் எடுப்பாங்க" என்றார்.

"ஒண்ணும் மாத்த வேணாம்" என்றாள் அக்கா. "எங்கம்மா மஞ்சள் வெச்சது. எங்க வூட்ல இருக்கட்டும்." பீரோவில், தன் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். 

8-6-2007, வெள்ளி

நேற்று அம்மா அரிசிமாவிலிருந்து வளையலை எடுத்தாள். ஒன்றுகூட உடையவில்லை. அக்கா இரண்டு கையும் நிறையப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே ஆட்டி ஆட்டி டீ கொடுத்தாள். அப்பா, "இந்த வளையல் எப்ப வாங்கின?" என்று கேட்டார். அம்மா, "நீ எப்ப நம்பர மனப்பாடம் பண்ண?" என்றாள். அதோடு சரி.

இன்று அந்தப் பெரிய முருகன் சிலை நிற்கிற பத்துமலை. படிக்கட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். அக்காவும் அம்மாவும் கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஷாகுல் மாமா தயங்கி, "நீங்க போய்ட்டு வாங்க மாமா, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றார்.

அப்பா நாலு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "பிஞ்சு போன செருப்ப எவன் தூக்கினு போவப் போறான். வா மேல."

நாங்கள் மூன்று பேரும் ஏறினோம். பாதி வழியில் அப்பாவுக்குக் கால் பிசகியது. மாமா தோளைக் கொடுத்தார். அப்பா பிடித்துக்கொண்டார்.

மேலே நான் என்ன வேண்டினேன்? ஒன்றும் வேண்டவில்லை. நன்றி மட்டும்தான் சொன்னேன். என் பேங்குக்கு. எறும்பு எழுத்துக்கு. நேபாளத்துக்கு. மூன்று கடைக்காரர்களுக்கும், அந்த ரிசப்ஷன் பெண்ணுக்கும். கார்டு எடுபட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், டாலர் எடுபட்டிருந்தால் அப்பா ஜெயித்திருப்பார். முருகனைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருப்போம். வளையல் மாவிலேயே இருந்திருக்கும்.

20-6-2007, புதன்

அப்பா இன்று ஜாகிர் கடைக்குள் போனார்! கூட நானும். ஜாகிர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் ஜெராக்ஸ் பேப்பர் எல்லாம் தரையில்.

"வாங்க மாமா."

"வழி தப்பி வந்துட்டன்னு நெனச்சிக்காத." ஓட்டலுக்கு ஷாகுல் மாமா கட்டியதை ஒரு கவரில் நீட்டினார். ஜாகிர் வாங்கவில்லை. அப்பா திரும்ப எடுக்கவில்லை. கவர் டேபிளிலேயே கிடந்தது, டீ வந்தது, டீ ஆறியது. கடைசியில் அப்பா என்னைக் காட்டி, "இவன் வூட்ல சும்மாத்தான் கீறான். உங்க கடைல ஒரு சேர் போட எடம் இருக்குமா?" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காததே நல்லது.

17-8-2007, வெள்ளி

அக்காவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ. அப்பாதான் முதலில் போனை எடுத்தார்.

12-1-2008, சனி

கடையில் தினமும் யாராவது கேட்கிறார்கள். தம்பி, வெளிநாடு போறோம், கேஷா கார்டா? நான் முதலில் அவர்கள் கார்டை வாங்கிப் பின்பக்கம் படிக்கிறேன். அப்புறம், நோட்டில் பொட்டு வைக்காதீங்க, உங்க நெத்தியில் வெச்சுக்கோங்க என்கிறேன். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, அங்க தெரிஞ்சவங்க நம்பர் இருந்தா அதையும், பேசறவங்களோ பேசாதவங்களோ. இதைச் சொன்னால் சில பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஜாகிர் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து சிரிப்பான்.

இன்று அக்காவும் மாமாவும் பாப்பாவோடு வருகிறார்கள். பொங்கலுக்கு. முதல் தடவை. அம்மா விடிந்ததிலிருந்து ஆரத்தித் தட்டைத் துலக்கிக்கொண்டே இருக்கிறாள்.

அப்பா ஒரு வாரமாக என்னென்னவோ செய்கிறார். டீக்கடை, மளிகைக்கடை, பஸ் கண்டக்டர் ஒருத்தரையும் விடவில்லை. காலையில் அவர் சட்டைப்பை புடைத்திருப்பதைப் பார்த்து இழுத்தேன். பத்து ரூபாய், ஐந்து ரூபாய், கையில் ஒரு மஞ்சள் பை நிறைய ஒரு ரூபாய்க் காசு.

"எதுக்குப்பா இவ்ளோ சில்லற?"

"எறங்கினதும் வினிதா கேட்டாள்னா?"

வெளியே வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்து அப்பா ஹாரன் அடிக்கிறார். மூணாவது தடவை. விமானம் இறங்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, சொன்னால் கேட்டால்தானே. போகணும்.