பொம்மைத் தோட்டத்து ஆப்பிள்

செப்டம்பர் 9
பக்கவாதத்தில் வலது கை போனதால் இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல். பயிற்சி கொடுக்க வரும் கெல்சி இன்று ஒரு வி.ஆர். கண்ணாடியை என் முகத்தில் மாட்டினாள். உள்ளே ஆப்பிள் தோட்டம். வலது கையால் பறித்துக் கூடையில் போட வேண்டுமாம். ஆயுசு பூராவும் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவனுக்கு வந்த வேலையைப் பார்.

செப்டம்பர் 12
விரல்களுக்குப் போனில் குமிழி உடைக்கிற விளையாட்டு. ஒன்றுகூட உடையவில்லை. போனை வீசினேன். என் மனைவி ஆர்லீன் பொறுக்கி வந்தாள். "எறியிறதுக்கு மட்டும் கை நல்லா வருது." எறிந்தது இடது கை.

செப்டம்பர் 27
தூக்கிவிட்டேன்! கண்ணாடிக்குள் என் கை உச்சிக் கிளைவரை போனது. வாய்விட்டுச் சிரித்தேன். கழற்றிப் பார்த்தால் ஆர்லீன் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷம்தான், வேறென்ன?

அக்டோபர் 11
கூடை நிரம்புகிறது. மேற்பார்வையாளன் டுவேனுக்கு போன் போட்டேன், வண்டி ஓட்டிக் காட்ட நாள் குறிக்கச் சொல்லி.
"அவசரமில்லடா வெர்லின். பனி விழற வரைக்கும் உன் வண்டிய யாருக்கும் குடுக்க மாட்டேன்."
"தலைக்கு மேல போகுதுடா கை! இன்னும் என்ன?"
ஆர்லீன் பக்கத்தில் நின்று ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 20
போய் வந்தேன். எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 21
எழுதித் தொலைக்கிறேன். பனி வழிக்கும் தகட்டை ஏற்றி இறக்கும் நெம்புகோல் வலப்பக்கம் இருக்கிறது. கையை நீட்டினேன். நீட்டியதாகத்தான் நினைத்தேன். குனிந்தால் தொடைமேல் கிடக்கிறது. டுவேன் வேறெங்கோ பார்த்தான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்போதுதான் ஆர்லீன் சொன்னாள்.
"கை கொஞ்சம் அசைஞ்சாலே அந்தக் கண்ணாடிக்குள்ள முழுசா தூக்கின மாதிரி காட்டுமாம். அப்பதான் மூளை நம்பி கத்துக்குமாம். கெல்சி எங்கிட்ட சொன்னா. உங்கிட்ட நான்தான் சொல்ல வேணாம்னேன்."
"போன் பண்றப்ப பக்கத்துலயேதான நின்ன? ஊர் சிரிக்க விட்டுட்டியே!"
"ஆஸ்பத்திரியில இருந்து வந்து அன்னிக்குத்தான் நீ சிரிச்ச. அத எப்படி கெடுப்பேன்?"

ஆத்திரம் இருக்கிறது, வண்டி வண்டியாக.

நவம்பர் 6
என் வண்டியை டேனர் என்ற புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 15
முதல் பெரிய பனி. டேனர் சாலையை வழித்துக்கொண்டே போய், அத்தனை பனியையும் எங்கள் வாசலில் இடுப்பளவு சுவராகக் குவித்துவிட்டான். முடியாதவர்கள் வீட்டு முன்னால், பனி வாசலில் விழாதபடி நான் தகட்டைத் திருப்பிக்கொள்வேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அது ஓட்டுநரின் மரியாதை. இவனுக்கு எங்கே? ஆர்லீன் மண்வாரியோடு இறங்கினாள். நான் ஜன்னலில் உட்கார்ந்து திட்டினேன். அவனையா, இந்தக் கையையா, தெரியவில்லை.

டிசம்பர் 3
ஆர்லீனுக்குத் தெரியாமல் கெல்சியிடம் சொல்லிவிட்டேன்: அந்த ஏமாற்று வேலையை நிறுத்து, உள்ளதை உள்ளபடி காட்டு. இன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஆப்பிள் அத்தனையும் கிளையிலேயே தொங்கின. என் கை கீழே, கூடைக்குப் பக்கத்தில், இரவல் வாங்கிய சாமான் போலக் கிடந்தது.

வாசல் பனியைத் தள்ளிவிட்டு ஆர்லீன் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது, மூக்கெல்லாம் சிவப்பு.
"இன்னிக்கு எப்படி? கூடை ரொம்பிச்சா?"
"ரொம்பிடுச்சு" என்றேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.