போத்தலில் எழுதிய நாற்பது

என் பிடிவாதக்காரி சரோவுக்கு,

நேற்று பூவரசங்குளத்துக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நீ போய் மூன்று வருடம். விடுமுறையில் இரண்டு தடவை கிளிநொச்சிக்கு வந்தவளுக்கு இவ்வளவு நாளும் அங்கே போக நேரம் கிடைக்கவில்லையா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். நேரம் இருந்தது, முகம்தான் இருக்கவில்லை.

பஸ் மாங்குளம் சந்தியில் நின்றபோது வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கும்பலாக ஏறினார்கள். நீ கடைசியாகப் படிப்பித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். சரோ ரீச்சரைத் தெரியுமா என்று ஒருத்தியிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் யார் என்று சொல்லியிருப்பேன்?

இதை நாலு பேர் வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைப் பிழை என்று நான் சொன்னது ஒரு அறை நிறைய ஆட்கள் இருந்த கூட்டத்தில். அதைத் திருப்பி எடுப்பதும் ஆட்கள் பார்க்கத்தான் நடக்கவேண்டும்.

வாசிப்பவர்களுக்கு நம் கதை தெரியாது. நாம் வேலை செய்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் வன்னியிலிருந்து போனவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் கிளிநொச்சிக்காரி, உன்னைவிட நான்கு வயது மூத்தவள். நீ மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பத்துப் பிள்ளை. நான் பொருளைச் செய்வேன், நீ அதை அளப்பாய். இருந்தது ஒரே வீட்டில், அங்கே சமையல் உன் பொறுப்பு, என் சொதியை வெந்நீர் என்று பழித்துவிட்டு அதை நீயாகவே எடுத்துக்கொண்டாய்.

நாம் செய்தது இரும்பு கலந்த மீகடத்தி. போதிய அளவு குளிர்ந்தால் மின்னோட்டத்தை ஒரு துளித் தடையும் இல்லாமல் விடும் பொருள். இரும்பின் காந்தக் குணம் மீகடத்தலைக் கெடுக்கும் என்றுதான் நெடுங்காலம் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நம் பொருளில் பேரியம், இரும்பு, ஆசனிக்கு என்கிற ஆர்செனிக் மூன்றும் அடுக்கடுக்காக இருக்கும். அதை அப்படியே குளிரவைத்தால் இரும்பு அணுக்களின் சின்னக் காந்தங்கள் எதிரும் புதிருமாக அணிவகுத்து நிற்கும், மீகடத்தல் எட்டியும் பார்க்காது. பேரியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்தால், பொட்டாசியம் ஓர் இலத்திரனை, அதாவது ஓர் எலக்ட்ரானை, குறைவாகக் கொடுக்கும். அந்தக் குறையில் அணிவகுப்புத் தளர்ந்து மீகடத்தல் வரும்.

எவ்வளவு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம். நூற்றுக்கு நாற்பது மாற்றினால் முப்பத்தெட்டுக் கெல்வினிலேயே தடை பூச்சியமாகும். அது பனிக்கட்டியின் குளிரைவிட இன்னும் இருநூறு பாகைக்கும் அதிகமாகக் கீழே. ஆனாலும் இந்த வகைப் பொருளுக்கு அது நல்ல உயரம். குறைய வைத்தால் காந்தமும் மீகடத்தலும் ஒரே பொருளுக்குள் இழுபறிப்படும். கூட வைத்தாலும் அந்த உயரம் இறங்கிவிடும். பக்கத்து மேசைக்காரர் இரும்பின் இடத்திலேயே கோபாற்று உலோகத்தை வைத்துப் பார்த்தார்கள். வேலை நடக்கும் அடுக்கிலேயே கைவைப்பதால் அவர்களுக்கு நம் உயரம் கிடைக்கவில்லை.

வேற்று அணுவை இப்படிச் சேர்ப்பதற்குப் பாடப்புத்தகத்தில் மாசூட்டல் என்று பெயர். அந்தச் சொல் உனக்குப் பிடிக்காது. ஒருநாள் வெள்ளிப் பசையால் கம்பி ஒட்டிக்கொண்டே சொன்னாய்: "வெளியில இருந்து வந்ததை மாசு எண்டு சொல்லுறாங்கள் அக்கா. அது வந்த பிறகுதானே இஞ்ச வேலையே நடக்குது." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தராசில் எதை நிறுத்துப் போட்டோமோ அதைத்தான் போத்தலில் எழுதுவோம். சூளையிலிருந்து எது வெளியே வந்தது என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பதில்லை. நாற்பது நிறுத்தேன், நாற்பது என்று எழுதினேன். நீ அளந்தாய். தடை பூச்சியமானது இருபத்தேழு கெல்வினில். அதற்கும் மேலே, காந்தம் இன்னும் போகவில்லை என்று காட்டும் ஒரு வளைவும் உன் வரைபடத்தில் இருந்தது.

நீ என்னிடம் தனியாக வந்து மெதுவாகத்தான் சொன்னாய். "அக்கா, போத்தலில இருக்கிறது உள்ளுக்கு இல்லைப் போல." எனக்குச் சுர்ரென்றது. அடுத்த நாள் கூட்டத்தில், சரோவின் கம்பி இணைப்புச் சரியில்லை, அவளுடைய வெப்பமானி சரியாக ஒட்டவில்லை என்று நான் சொன்னேன். மூத்தவள் சொன்னதால் எல்லாரும் தலையாட்டினார்கள். உன் வரைபடம் நாம் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து போனது, அதோடு உன் பெயரும் போனது. என் போத்தல் மட்டும் நாற்பது என்றே அட்டவணையில் நின்றது.

அன்றிலிருந்து நீ என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். நீ "டொக்டர்" என்றாய். அந்த வருட முடிவில் ஊருக்குத் திரும்பி மாங்குளத்தில் ரீச்சரானாய். பிறகு சுகமில்லாமல் போனாய். நீ இறந்த செய்தி வந்த அன்று நான் ஆய்வுகூடத்துக்குப் போய் வழமைபோல வேலை செய்தேன், சரோ. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இனி அசல் செய்தி. போன மாதம் புது மாணவி ஒருத்தி பழைய போத்தல்களை எடுத்து, இலத்திரன் கற்றையை விட்டு, எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். அந்தப் போத்தலில் இருந்தது நாற்பது இல்லை, இருபத்தைந்து. இருபத்தைந்துக்கு நீ அளந்ததுதான் விடை. பூச்சியமும் சரி, வளைவும் சரி.

பொட்டாசியம் சூட்டில் ஆவியாகி ஓடும் சாமான். அதற்காகக் கொஞ்சம் கூடப் போடவேண்டும், பொருளை வைத்துச் சூளையில் சுடும் குழாயை இரட்டையாக மூடவேண்டும். நான் மூடினால் காற்றும் போகாது என்ற திமிரில் இரண்டையும் செய்யவில்லை. இதுகூட வெறும் பிழை என்று வை. குழாயை உடைத்தபோது உள்சுவரில், பொட்டாசியம் தப்பிப் போனதற்கு அடையாளமான பழுப்புக் கறை படிந்திருந்ததை நான் கண்டேன். திரும்பச் செய்தால் ஒரு மாதம் போய்விடும் என்று துடைத்து எறிந்தேன். நீ வந்து சொன்னபோது எனக்கு அந்தக் கறை நினைவில் இருந்தது. உனக்குச் செய்த அநியாயம் அதுதான்.

கட்டுரைக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள், நான் விடவில்லை. உன் வரைபடத்தைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். இறந்தவரின் பெயரைப் போடக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். அந்தக் கையெழுத்துக்காகத்தான் பூவரசங்குளம் போனேன்.

உன் அம்மா கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார், கடதாசியை மட்டும் தொடவில்லை. "என்னான்னு தெரியாம கையெழுத்து போட மாட்டேம்மா. சொல்லு" என்றார். பொட்டாசியம் என்றதும், வயலுக்குப் போடும் பொட்டாஷா என்று கேட்டார். அதற்குள் இருக்கும் சாமான்தான் என்றேன். பிறகு எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. உரப் பையில் என்ன எழுதியிருந்தால் என்ன, போதாவிட்டால் இலை ஓரம் காய்ந்து காட்டிக்கொடுக்கும் என்றார். நான் தலை குனிந்து தேத்தண்ணியைக் குடித்தேன். கறையின் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப எம் புள்ள அளந்தது சரிதானா?"

"ஓம் அம்மா. அவள் அளந்தது சரி. பிழை என்ர."

பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கடதாசியை என் கையில் தந்துவிட்டுத்தான் சொன்னார். "அது சரின்னு எனக்குத் தெரியும். நீ வருவேன்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா. அக்கா கோவக்காரி, ஆனா ஒருநாளைக்கு வருவாங்க அம்மான்னு."

அக்கா என்றாயா, சரோ? வீட்டில் எல்லா நாளும் அக்கா என்றுதான் சொன்னாயா? உன் அம்மாவின் முன்னால் நான் அழுதேன். நீ இருக்கும்போது வராமல் போனேனே.

திங்கட்கிழமை திருத்தம் போகிறது, முதலில் உன் பெயர், பிறகு என்னுடையது. இனி என் மேசையில் எந்தப் போத்தலிலும் இரண்டு வரி இருக்கும். நிறுத்தது ஒரு வரி. அளந்தவர் கண்டது மற்ற வரி, அதை அளந்தவரே தன் கையால் எழுதவேண்டும். கட்டுரை அச்சில் வந்ததும் உன் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்தத் தடவை நாள் கடத்தமாட்டேன்.

நீ கூப்பிட்டபடியே,
உன் அக்கா
கலா