மருமகனின் டர்போ

6 ஜூன், வெள்ளி

டயர் காற்று பார்த்தேன். சரியாக இருக்கிறது.

நேற்று எங்கள் கோயில் குடும்பங்களின் அன்பியக் கூட்டம் முடிந்து மீகூன் சேமியா சாப்பிடும்போது மருமகன் மார்க் பேசியதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

"மாமா ஓட்டுனா பின்னால ஆமை ஹார்ன் அடிக்கும் லா. அதுல ஒன் பாயிண்ட் ஃபைவ் எஞ்சின் வேற. என்னோடது ஒரே லிட்டர், டர்போ. பெட்ரோல மோந்து பாத்தே ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதர்கூட. பிறகு, குரலைக்கூடத் தாழ்த்தாமல்: "போதும் மாமா, சாவிய நட்டாலிகிட்ட குடுத்துருங்க. எங்க போவணும்னாலும் நான் வரேன்."

என் மகள் நட்டாலி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். "மீகூன் நல்லா இருக்கு" என்றேன். சீ.

7 ஜூன், சனி

மனைவி கேத்தரினைக் காய்கறி வாங்கப் பாசாருக்கும், பூசைக்கும் நானே கூட்டிப் போகிறேன், யாரையும் கெஞ்சாமல். சாவி போனால் அதுவும் போகும்.

அதே கூட்டத்தின் முன்னால் அவன் தலைகுனிய வேண்டும். செபமாலை சொல்லும்போதும் இதே நினைப்பு. பாவம்தான். இருக்கட்டும்.

9 ஜூன், திங்கள்

நேர்மையாக யோசிக்க வேண்டும். சமதரையில், மெதுவாக மிதித்தால், அவன் வண்டிதான் குறைவாகக் குடிக்கும். சின்ன எஞ்சினுக்கு அந்த நன்மை உண்டு. ஆனால் பாரம் ஏற்றி, மேட்டில், காலை அழுத்தினால்? டர்போ காற்றை உள்ளே திணிக்கும். காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலும் இறங்கும். மார்க்குக்கு அழுத்தத்தான் தெரியும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலும் முடுக்கிக்கொண்டு போய் பிரேக் அடிப்பவன்.

ஆகவே மேடு வேண்டும், பாரம் வேண்டும். ஏற்றத்தில் நான் முன்னால் போக வேண்டும் — தனக்கு முன்னால் ஒரு வண்டி போனால் அவன் பொறுக்க மாட்டான்.

டுரியான் பழக் காலம். தீவின் அந்தப் பக்கம் பாலிக் பூலாவ் மலைப்பாதை!

இவ்வளவு கெட்டவனா நான்?

11 ஜூன், புதன்

மார்க்கைத் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை தீவைச் சுற்றிப் போய் டுரியான் சாப்பிடுவோம். ஜெலுத்தோங்கில் ஒரே பெட்ரோல் பம்பில் இருவரும் நிரப்புவோம், திரும்பி வந்து அங்கேயே மறுபடி நிரப்பிப் பார்ப்போம், யார் வண்டி குறைவாகக் குடித்தது என்று. நான் தோற்றால் சாவி. அவன் தோற்றால் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பாவம் பாக்காம ஜெயிப்பேன் மாமா, பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். அவன் அண்ணன் ஜோனத்தன் குடும்பத்தையும் அழைக்கச் சொன்னேன். எல்லோரும் நல்ல கனம். மார்க்கின் புது வண்டியில்தான் ஏறுவார்கள்.

14 ஜூன், சனி

வென்றேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

தெலுக் பஹாங் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வேண்டுமென்றே அவனுக்கு முன்னால் நிதானமாகப் போனேன். வளைவுக்கு வளைவு முந்தப் பார்த்தான், பிரேக் அடித்தான், மறுபடி முடுக்கினான். அந்த எஞ்சினின் ஒவ்வொரு உறுமலும் எனக்கு இனித்தது.

"தனியா என்ன சிரிப்பு?" என்றாள் கேத்தரின்.

வயிறு நிறைய டுரியான் சாப்பிட்டோம். திரும்பும்போது மழை. ஜன்னலைத் திறக்க முடியாது. குளிர்காற்றுக்கு ஏர்கோன் போட்டால் எஞ்சினின் பலத்தைத் தின்னும், போடவில்லை. பின்னால் டுரியான் கூடை. ஆவி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

"ஏங்க, ஏர்கோன் போடுங்க. ஒரு மாரியா இருக்கு."

"இந்தா, வந்துட்டோம்."

"மூச்சு முட்டுதுங்க."

"பாலம் தாண்டியாச்சு கேத்தரின். கொஞ்சம் பொறுத்துக்க."

மார்க் எனக்கு முன்பே வந்து நிரப்பியிருந்தான். ஆறு லிட்டருக்கு மேல்! என்னுடையது நாலரையில் நின்றது.

"மார்க்! வந்து பாரு!" என்று கத்தினேன். என் குரலா அது?

ஓடி வந்தான். மீட்டரைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போனான். கதவைத் திறந்து இறங்கிய கேத்தரின் எனக்குப் பின்னால் தரையில் சரிந்து கிடந்தாள். பம்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன்தான் தூக்கினான். தன் வண்டியில் படுக்கவைத்து, ஏர்கோனை முழுதாக வைத்து, கிளினிக்குக் கொண்டு போனான். புழுக்கத்தில் வந்த மயக்கம், பயமில்லை என்றார் டாக்டர். மார்க் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பதில் வைத்திருந்தேன்.

15 ஜூன், ஞாயிறு

கஞ்சி குடித்தாள். கிண்ணத்தை வாங்க நான் கை நீட்டினேன், நட்டாலியிடம் கொடுத்தாள்.

19 ஜூன், வியாழன்

அன்பியக் கூட்டம். அவனே எழுந்தான். "மாமா ஜெயிச்சிட்டாரு. என் வண்டிதான் நெறய குடிச்சிச்சு." யாரும் சிரிக்கவில்லை. "கேத்தரின் அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள், அவனிடம்.

இதற்காகவா இரண்டு வாரம் காத்திருந்தேன்?

22 ஜூன், ஞாயிறு

கீழே ஹார்ன். கேத்தரின் முக்காட்டுத் துணியை எடுத்துக்கொண்டாள்.

"மாப்ள பூசைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நீங்களும் வாங்களேன்."

"சாவி எங்கிட்ட இருக்கு. நான் என் வண்டியிலயே வரேன்."

சாலையில் அவர்களுக்குப் பின்னால் தனியாகப் போனேன். மார்க் முட்டையை மடியில் வைத்திருப்பவன்போல் ஓட்டினான். சிவப்பு விளக்கைத் தூரத்தில் பார்த்ததுமே காலை எடுத்து, உருளவிட்டு நிறுத்தினான். பச்சை விழுந்ததும் பதறாமல் எடுத்தான். இன்று பந்தயம் என்றால் நான் தோற்றிருப்பேன். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு முறையாவது அழுத்த மாட்டானா என்று கோயில் வாசல்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

அழுத்தவில்லை.