ஒரு விரல் குறைஞ்ச மீன்

அண்ணை,

நீங்கள் கண்ணை மூடி வருசம் ஒண்டாச்சு. இண்டைக்கு உங்கடை வீட்டுக்குப் போனன். அக்கா தையல் பெட்டியைக் கிளறி மஞ்சள் அளவுநாடாவை எடுத்துத் தந்தா. "இந்தா, நீயே வைச்சிரு. எத்தினைதரம் தோய்ச்சும் மீன் மணம் போகேல்லை." மணந்து பாத்தன். ஓமண்ணை, அப்பிடியே இருக்கு.

மன்னாரிலை வலை போட்ட ஆள் நீங்கள். மியூனிக் ரெஸ்ரோறன்டிலை என்னோடை நிண்டு கோப்பை கழுவேக்கையும் கடல் கதைதான். அப்பிடிப்பட்டவர் தூண்டில் போட லைசென்ஸ் எடுக்கிற சோதினையிலை முதல்தரம் பெயில்! "கடலே என்னை விட்டது, கடதாசி விடுதில்லையடா" எண்டு சிரிச்சியள். அக்கா விடுவாவோ? "மீன் பிடிக்கிறவனைக் கட்டி என்ன கண்டன்? பத்து வருசமாக் கடை மீன்தான் சட்டியிலை."

ரண்டாந்தரம் பாஸ் பண்ணி, ஊரெல்லாம் கால்பந்துக் கொடி தொங்கின அந்தக் கோடையிலை மலை ஏரிக்குப் போனனாங்கள். விடிய இருந்து காத்து, பின்னேரம்தான் ஒரு ட்ரவுட் மீன் கொத்தினது. சின்னப்பிள்ளை மாதிரிக் குதிச்சியள். பிறகு அக்காவின்ரை நாடாவை விரிச்சு அளந்தியள். சட்டம் கேட்ட நீளத்துக்கு ஒரு விரல் குறைவு. வாலை நீவி நீவி அளந்தும் குறைவுதான்.

"ஆரண்ணை பாக்கினம்? பையுக்கை போடுங்கோ."

"போடா விசரா. ரண்டுதரம் சோதினை எழுதி எடுத்த பேப்பர். ஒரு விரலுக்காக அதைப் பழுதாக்க ஏலாது."

தண்ணியிலை விட்டிட்டியள். ஆனா வெறுங்கையோடை அக்காவின்ரை முகத்திலை முழிக்கவும் மனம் வரேல்லை. வாற வழியிலை மீன்பண்ணை ஒண்டிலை ரண்டு ட்ரவுட் வாங்கினியள். பண்ணைக்காரன் துப்பரவாக்கிக் கழுவித் தந்தவன். "நான் பிடிச்சதெண்டு நீ சொல்லு, எனக்குப் பொய் வராது" எண்டியள். நானும் அக்காவுக்கு முன்னாலை அந்தோனியார்மேலை ஆணையிட்டுச் சொன்னன்.

அக்கா புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குழம்பு வைச்சா. "இதெல்லோ மீன்!" எண்டு அவ சொல்ல, நீங்கள் தலை நிமிரேல்லை. அதுக்குப் பிறகு சனிக்கிழமை எண்டால் ஏரிதான். மெய்யாவே பிடிச்சும் வந்தியள். ஆனாலும் அந்த முதல் மீன் கடைசிமட்டும் உங்கடை தொண்டையிலை முள்ளா நிண்டது எனக்குத் தெரியும்.

இண்டைக்கு நாடாவைத் தந்திட்டு அக்கா சொல்லுறா: "அண்டைக்கே தெரியுமடா. அந்த மனுசன் வலை போட்டதே தவிர, வாழ்நாளிலை ஒரு மீன் வெட்டினதோ? குடல் எடுத்த மீன் எந்தத் தூண்டிலிலை கொத்தும்?"

"பிறகேனக்கா பேசாமல் இருந்தனீங்கள்?"

"கேட்டிருந்தால் வெக்கத்திலை மனுசன் ஏரிப் பக்கமே போயிராது."

சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது அண்ணை. நாளைக்குச் சனி. நாடாவோடையும் என்ரை லைசென்ஸோடையும் ஏரிக்குப் போறன். அளவான மீன் கிடைச்சால் குடலோடைதான் அக்காவிட்டைக் குடுப்பன். கிடைக்காட்டி வெறுங்கையோடை போய் நிப்பன்.