இடது பக்க இருக்கை

1984 மார்ச் 13, செவ்வாய்

மழை. காலையிலிருந்து மூன்று தடவை கார் ஷெட்டுக்குப் போய் வந்தாயிற்று. வேலை ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தேன். "அது எங்கேயும் ஓடிப் போயிடாது, உட்கார்ந்து டீயைக் குடி" என்றாள் டிலிஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அதிகம் சொன்ன சொல் 'உட்கார்' என்பதாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். பழைய கார் கிளப்பின் செயலாளர் பார்சன்ஸ் ஃபோன் செய்தார். ஜூன் 17 ஹார்க்கம் குன்றுப் பந்தயம். ஸ்பெய்ட் கம்பெனியின் பந்தயக் கார் அந்தக் குன்றில் ஏறி ஜெயித்து இந்த ஜூனோடு ஐம்பது வருடம் ஆகிறது. ஜெயித்த வண்டி என்னுடையது. ஆகவே இந்த முறை முதலில் ஏறப்போவது நான். மைக்கில் பெயர் சொல்வார்களாம். "அப்படியா, சரி" என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். பிறகு நாயின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். அறுபத்திரண்டு வயதில் இது கொஞ்சம் வெட்கம்தான். இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 15

மைக்கில் வாசிக்க ஒரு சிறு குறிப்பு வேண்டுமாம். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்பெய்ட் கம்பெனி பந்தயத்துக்கென்று செய்தது மூன்றே வண்டிகள். ஒன்று போர்க்காலத்தில் பழைய இரும்புக்குப் போயிற்று. மிச்சம் இரண்டு. 1934-இல் கேப்டன் ஸ்டீல் ஓட்டி ஹார்க்கம் குன்றில் ஜெயித்தது லயனல் ப்ராசரிடம் இருக்கிறது, அதாவது என்னிடம். மற்றது ஜெரால்ட் ஹேவர்டிடம். அது மறுவருடம் அயர்லாந்துப் பந்தயத்தில் ஒரு கல்தூணில் மோதியது. ஓட்டியவருக்குக் கைதான் முறிந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த மெக்கானிக் வில்ஃப் டாண்டி அந்த இடத்திலேயே போய்விட்டார்.

அந்த மோதல் கதை மைக்குக்கு வேண்டாம். கொண்டாட்ட நாளில் சாவுப் பேச்சு எதற்கு?

ஜெரால்டின் வண்டிக்கு 'சவப்பெட்டி' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் வாய்க்கு வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. இருபது வருடமாக மாட்டு ஏலம் போட்ட வாய், சும்மா இருக்குமா? இன்றும் அவனுக்கு ஃபோன் போட்டு, "என்னப்பா, சவப்பெட்டி வருதா?" என்றேன்.

"வரும், வரும். உன் பின்னாடி வந்தாத்தானே உன் வண்டி உதிர்க்கிற சாமானைப் பொறுக்க முடியும்."

ஆள் கோபப்படவே மாட்டான். அதுதான் எரிச்சல்.

மார்ச் 29

கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன். மறுபடி கழற்றினேன். என் தொல்லையெல்லாம் ஹார்க்கம் குன்றின் கடைசி வளைவுதான். ஸ்பெய்டில் பெட்ரோல் தானாக மேலே வராது. டேஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம், ஒரு கைப்பம்பு இருக்கிறது. அதை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மெக்கானிக்கின் வேலை அது. நான் தனி ஆள். ஸ்டீயரிங்கும் கியரும் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளும்போது பம்பை யார் அடிப்பது? ஒவ்வொரு வருடமும் கடைசி வளைவில் என்ஜின் இருமி, திணறி, மானத்தை வாங்கும். ஜெரால்ட் கரண்ட் பம்பு போட்டுவிட்டான். நான் போடமாட்டேன். ஜெயித்த வண்டியில் கை வைக்கக் கூடாது.

ஏப்ரல் 8, ஞாயிறு

இடது இருக்கைக்குக் கீழே பலகை மக்கிவிட்டது. வாங்கியதிலிருந்து அதை எடுத்ததில்லை. இன்று பெயர்த்தேன்.

கீழே இடது பக்கச் சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஒரே துண்டாக இல்லை. அறுத்து, உள்ளே இன்னொரு தகடு வைத்து, ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிறது. சுத்தமான வேலை, கம்பெனி வேலை. மேலே கறுப்புப் பெயின்ட்.

கால் ஒடிந்து கூடிய மாட்டை நான் நூறடியிலிருந்து கண்டுபிடிப்பேன். என் வண்டியில் இவ்வளவு வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஏப்ரல் 9

எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்த எவனோ மரத்தில் இடித்திருப்பான். அவ்வளவுதான். விடு.

ஏப்ரல் 12

விட முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. நாயோடு இரண்டு தடவை ஆற்றங்கரை வரை நடந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அதுவே வர மறுத்துப் படுத்துக்கொண்டது.

கிளப்பில் ஒரு பழைய கேலி உண்டு: 'ஸ்பெய்டின் நம்பர் பிளேட் கொக்கியில்தான் பிறந்தது.' மூன்று வண்டிக்கும் சாலை வரி கட்ட மனமில்லாமல், கம்பெனிக்காரர்கள் வரி கட்டிய பிளேட்டைச் சுவரில் தொங்கவிட்டு, எந்த வண்டி வெளியே போகிறதோ அதில் மாட்டி அனுப்புவார்களாம். 37-இல் கம்பெனியை மூடியபோது கைக்கு வந்த பிளேட்டைக் கைக்கு வந்த வண்டியில் மாட்டி விற்றிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானே எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்! அடுத்தவன் வண்டிக்குத்தான் அப்படி ஆகியிருக்கும் என்று நினைத்திருக்கிறேன். என் வண்டி ஜெயித்த வண்டி என்பதற்கு என்னிடம் இருக்கும் அத்தாட்சி என்ன? நம்பர் பிளேட். வேறு? வேறு ஒன்றுமில்லையே.

ஏப்ரல் 22, ஈஸ்டர்

ஜாக்கி இரவல் கேட்கிற சாக்கில் ஜெரால்ட் வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே தேடப் போனதும் அவன் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். ஈஸ்டர் கோட்டோடு.

இடது பக்கச் சேஸி முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே துண்டு. ஒரு ரிவெட் கிடையாது, ஒரு கீறல் கிடையாது. கல்தூணில் மோதிய வண்டி இல்லை அது.

"ஜாக்கி அங்க இல்லையே" என்றான், என் காலடியில் நின்றுகொண்டு.

"ஆயில் ஒழுகுதான்னு பார்த்தேன்."

"யோவ் ப்ராசர், வெளிய வா. பலகையைப் பேத்துட்டியா?"

வெளியே வந்தேன். அவனுக்குத் தெரியும். எப்போதிருந்து என்றேன். வண்டியை முதன்முதலில் பிரித்த வருடத்திலிருந்தே தெரியுமாம். அதாவது நான் 'சவப்பெட்டி' என்று பெயர் வைத்தபோதே தெரியும். ஜெயித்த வண்டியை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் சிரிப்பையும் கேட்டுக்கொண்டு, சும்மா நின்றிருக்கிறான் பாவி.

"ஏன்யா சொல்லல?"

"மேவிஸுக்காகத்தான்."

மேவிஸ் டாண்டி, செத்துப்போன வில்ஃபின் மகள். அப்பா போனபோது ஏழு வயது. லெட்பரியில் கம்பளி நூல் கடை வைத்திருக்கிறாள். வருடா வருடம் ஹார்க்கமுக்கு வந்து, பந்தயம் தொடங்கும் முன் ஜெரால்டின் வண்டியில் இடது இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போவாள். அதுவரை வரிசை முழுக்கக் காத்திருக்கும். என் என்ஜின் சூடாகிறது என்று நான் முனகாத வருடம் இல்லை.

"முதல் வருஷம் அந்தக் கதவைத் தொடவே அவங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் 'இது இல்லம்மா, அந்த வண்டி'ன்னு எப்படிச் சொல்றது? சரி, உன் வண்டியில உட்கார வைக்கலாம்னு நினைச்சேன். நீ ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கிற ஆளா?"

கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். கிளம்பும்போது, "இத்தனை வருஷம் போயாச்சு. நீயே முன்னாடி போ. நான் வாயே திறக்கமாட்டேன்" என்றான். ஜாக்கியை மறந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 23

அவன் சொல்லமாட்டான். பலகையை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

பலகையை மூடிவிட்டேன்.

மே 6

டிலிஸிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "இப்ப உனக்கு எது கஷ்டம்? முதல்ல போக முடியாம போறதா, இல்ல மேவிஸ்கிட்ட சொல்றதா?"

"ரெண்டும்."

"ஒண்ணைச் சொல்லு."

முதலில் போக முடியாததுதான் என்று சொன்னேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. கேரட் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மே 24

லெட்பரிக்குப் போனேன். மேவிஸின் கடையில் அவளைத் தவிர வேறு ஆளில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. "என்ன வேணும் மிஸ்டர் ப்ராசர்?" என்று கேட்டதும் வாய் உலர்ந்துவிட்டது. ஏலத்தில் எதிரில் நூறு பேர் நிற்கும்போது உலராத வாய்.

மஞ்சள் நூல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பணத்தைக் கொடுக்கும்போது அவளே சொன்னாள்: "இந்த வருஷம் நீங்கதான் முதல்ல போறீங்களாமே. நல்லது. எங்கப்பா அந்த ஜெயிச்ச வண்டியையும் கழுவியிருப்பாரு. நான்தான் அதைப் பக்கத்துல போய்ப் பார்த்ததில்ல." கொஞ்சம் நிறுத்தி, "மத்ததை நீங்க எப்படிக் கூப்பிடுறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு அது கேட்கப் பிடிக்கல. இத்தனை வருஷமாச் சொல்லணும்னு நினைச்சேன், இப்பச் சொல்லிட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. மிச்சச் சில்லறையை எண்ணாமலே வெளியே வந்துவிட்டேன்.

மே 25

டிலிஸ்: "மஞ்சள் நூல் யாருக்கு?"

ஜூன் 10

தூக்கமில்லை. பசியில்லை. பலகையை மறுபடி எடுத்துவிட்டுப் புதுப்பலகை போட்டேன். இந்த முறை ஆணி அடிக்கவில்லை. கையால் தூக்கினால் வந்துவிடும்.

ஜூன் 16

பார்சன்ஸுக்கு ஃபோன் செய்தேன். முதலில் ஜெரால்ட் போகட்டும், ஜெயித்தது அவன் வண்டி என்றேன். "என்ன உளர்றீங்க, நோட்டீஸ் அடிச்சாச்சு" என்றார். நோட்டீஸ் தப்பு என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஷெட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். இதை எழுதிவிட்டேன், அடித்து நீக்கப் போவதில்லை.

ஜூன் 17, ஞாயிறு

தூறல், பிறகு வெயில். வழக்கம்போல் பன்றிக்கறி சாண்ட்விச் வாசனை, ஈரப் புல், கூட்டம்.

மேவிஸ் நீலத் தொப்பியோடு ஜெரால்டின் வண்டியை நோக்கி வந்தாள். அவன் வழக்கம்போல் இருக்கையைத் துடைத்து வைத்திருந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"மிஸ் டாண்டி, அது இல்ல. உங்கப்பா இருந்த வண்டி இது."

எப்படிச் சொல்வதென்று வாரக்கணக்கில் யோசித்து வைத்ததெல்லாம் போயிற்று, இவ்வளவுதான் வந்தது. என் வண்டியின் புதுப்பலகையைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். அந்த ஒட்டுத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீங்க அந்தப் பேர் வச்சது இதுக்குத்தான்."

"ஆமாம்மா."

"இத்தனை வருஷம் நான் வேற எங்கேயோ உட்கார்ந்துட்டிருந்தேன்."

ஜெரால்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

நான் என்ஜினை அணைத்தேன். வலது இருக்கையில் உட்கார்ந்தேன். கொடி பிடிக்கிறவர் இரண்டு தடவை வந்து, "ப்ராசர், நேரமாகுது" என்றார். ஆகட்டும் என்றேன். ஜெரால்ட் முதலில் ஏறிப் போனான். மைக்கில் அவன் பெயர் சொன்னார்கள், கைதட்டல் அவன் கூடவே மேலே வரை போனது. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று பார்க்கவும் இல்லை.

அவள் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டாள். "இது என்ன பிடி? அந்த வண்டியில இது இல்லையே."

"பெட்ரோல் பம்பு. ஓடும்போது அடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுதான் உங்கப்பாவோட வேலை."

பிடி பித்தளை. ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அவள் அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"இப்ப யார் அடிக்கிறது?"

"யாரும் இல்ல. அதான் மேல போனதும் திணறுது."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "சரி. எப்ப அடிக்கணும்னு சொல்லுங்க."

என்ஜினைக் கிளப்பினேன். கொடிக்காரர் என்னைப் பார்த்தார். பார்சன்ஸைப் பார்த்தார். பார்சன்ஸ் வானத்தைப் பார்த்தார். கொடி இறங்கியது.

"அடிங்க" என்றேன். அடித்தாள். முதல் வளைவு, பெரிய ஓக் மரம், பாலம். "அடிங்க, அடிங்க" என்று நான் கத்த, "அடிச்சுட்டுத்தானே இருக்கேன், ரோட்டைப் பாருங்க" என்று அவள் கத்தினாள். கடைசி வளைவு வந்தது. பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி திணறவில்லை. ஒரு இருமல் கூட இல்லை. நேராக மேலே ஏறி நின்றது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். கை மட்டும் பம்பை விடவில்லை. "போதும் மேவிஸ்" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜூன் 24

வண்டி வாங்கிய புதிதில் நானே டேஷ்போர்டில் மாட்டிய 'ஹார்க்கம் வெற்றி 1934' தகட்டைக் கழற்றி ஜெரால்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் வண்டியில் துளை போட மாட்டானாம். ஷெட் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் அடித்து வைத்தான். "சவப்பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டான். "நாக்கை அடக்கு, மேவிஸ் காதுல விழப்போகுது" என்றேன். சிரித்தான்.

டிலிஸ் அந்த மஞ்சள் நூலில் ஏதோ பின்னுகிறாள். என்ன என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 1, ஞாயிறு

காலையில் மேவிஸ் ஃபோன். உள்ளங்கையில் வந்த கொப்புளம் இப்போதுதான் ஆறிற்றாம். செப்டம்பர் பந்தயத்துக்குக் கையுறை வாங்கப் போகிறாளாம், தோல் நல்லதா துணி நல்லதா என்று கேட்டாள்.

தோல் என்றேன்.