அண்ணன் பங்குக்குப் போன என்ஜின்

12-8-1961, சனிக்கிழமை

பாகப்பிரிவினையில் அண்ணன் காரையும் விடவில்லை. நைனா வாங்கி, துருப்பிடித்துக் கிடந்த கார். இருபது வயதிலிருந்து பாகம் பாகமாகத் தேடி அதை ஓட வைத்தவன் நான்.

"கார் நைனா பேர்ல கீது. எனக்கும் பாதி உண்டு. வண்டிய நீ வச்சிக்கோ, என்ஜின் எனக்கு" என்றான். பஞ்சாயத்தார் தலையாட்டினார்கள். மதியமே ஆள் வைத்துக் கழற்றி, தன் கிணற்றுப் பம்போடு பூட்டினான். அவர்களுக்கு அது கிளம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? உன் பேச்சுதான் அது கேக்கும். கிளப்பு."

கிளப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொட்டியதும் அண்ணன் சிரித்தான்.

"பொண்டாட்டி மாதிரி வச்சிருந்த. இப்ப என் வூட்டுக்கு ஒயைக்குது பாரு."

இன்னும் ஓடுகிறது. படுக்கையிலிருந்தே கேட்கிறது. சத்தம் மாறிவிட்டது. அதற்கு ஆயில் ஒழுகும், நான்தான் பார்த்துப் பார்த்து ஊற்றுவேன். அவனுக்கு அது தெரியாது. இப்படியே விட்டால் ஆயில் வற்றி விடிவதற்குள் என்ஜின் இறுகிப்போகும். அப்புறம் என்னாலும் அதை மீட்க முடியாது.

ஆயில் டின் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. கிணறு இரண்டு வயல் தள்ளி.

"இன்னா சத்தம் அது, ஒரு மாதிரி கீதே?" என்று மனைவி கேட்டாள்.

ஒன்றுமில்லை, தூங்கு என்றேன்.