உட்கார்ந்து செய்யும் வேலை

ஜனவரி 3

மருத்துவக் குழுவின் கடிதம் வந்துவிட்டது. இழப்பீடு கிடையாது. 'உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தகுதியானவர்' என்று ஒரே வரி.

நான் போன ராணுவ வண்டிக்கு அடியில் கண்ணிவெடி வெடித்து ஆறு வருடம். வலது காது போயிற்று. அதோடு உடம்பின் நிதானமும் போயிற்று. திடீரென்று தரை சரியும், அடுத்த நொடி கீழே கிடப்பேன். வெளியே ஒரு தழும்புகூடக் கிடையாது. ஆள் ஓங்குதாங்காக இருப்பதே எனக்கு எதிரி.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன் சார்னு சொன்னேன்."

"விறைப்பா நின்னுக்கிட்டா?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 4

அவள் இன்னும் பேசவில்லை. அதிகாரி கேட்டால் வேறு பதில் வாயில் வராது. பதினாறு வருடப் பழக்கம். இதை யாரிடம் சொல்லி அழ?

ஜனவரி 7

முன்னாள் படைவீரர் அலுவலகம். அங்கே மேல்முறையீடு எழுதித் தரும் அலுவலர் அம்மா என் கோப்பைப் புரட்டினார். நான் சொன்னதைத்தான் குழு எழுதியிருக்கிறது என்றார். என்னால் முடியாததை யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை. மனைவியிடமே பாதிதான்.

நாட்குறிப்பு எழுதுவேன் என்றேன், ஏதோ பெருமையாக.

"அதுல விழுந்ததையும் எழுதுறீங்களா?"

வீட்டுக்கு வந்து புரட்டினேன். போன வருடம் முழுவதும் ஒரு இடத்திலும் இல்லை. எனக்கு நானே பொய் எழுதியிருக்கிறேன். இனி எல்லாம் எழுதுவேன். நடந்ததைப் பார்த்தவர் யாராவது சாட்சி சொன்னாலும் நல்லதாம்.

ஜனவரி 8

குளியலறையில் சுவரைப் பிடித்தபடி கால் மணி நேரம். எழுதிவிட்டேன். கை கூசுகிறது.

ஜனவரி 15

மகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் குனிந்தேன் — விழுந்தேன். தூக்கிவிட்டுக் கேட்டாள்: "அம்மாகிட்ட சொல்லட்டுமா, வேணாமா?" எத்தனை நாளாக இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியிருக்கிறாள்? சொல்லு என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

ஜனவரி 20

கடைசியாக வேலை பார்த்த அச்சகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முக்காலியில் உட்கார்ந்து லேபிள் கட்டுகளை அடுக்கும் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலைதானே? ஒருநாள் உட்கார்ந்தபடியே சரிந்தேன். பக்கத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பைண்டிங் வேலை பார்க்கும் அக்கா காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். மறுநாளே முதலாளி என்னை நிறுத்திவிட்டார்.

நடந்ததை எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன்.

"எழுதிக் கொடுத்தா, மெஷினுக்கு ஏன் தடுப்பு போடலன்னு என்னைத்தான் பிடிப்பாங்க. என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போடாதீங்க."

சரி சார் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 21

போனேன். முதலாளி இல்லை என்றார்கள். அவர் செருப்பு வாசலில் கிடந்தது.

ஜனவரி 24

போனேன். இன்று செருப்பையும் உள்ளே எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 28

விடவில்லை, போனேன். பைண்டிங் அக்கா வெளியே வந்தார். விரலெல்லாம் பசை.

"எத்தனை தடவை நடப்பீங்க தம்பி? அவர் தரமாட்டார். பார்த்தது நான்தானே, நான் வந்து சொல்றேன்."

உங்கள் வேலைக்கு ஆபத்து என்றேன். இந்த ஊரில் பசை வாளி வேறு அச்சகத்தில் இல்லையா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். தெருவிலேயே கண் கலங்கிவிட்டது. அதையும் எழுதுகிறேன்.

மார்ச் 10

மேல்முறையீட்டு விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நுழைந்ததும் குதிகால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. பிரித்தேன். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

எப்படி இருக்கிறீர்கள் என்று அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"நல்லா இல்ல சார்."

அவ்வளவுதான். பிறகு இந்த நோட்டிலிருந்து தேதி தேதியாகப் படித்தேன். குளியலறையையும் விடவில்லை.

அச்சகத்தில் நான் தூங்கி விழுந்திருக்கலாமே என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார். அக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"தூங்கினா கண்ணு மூடியிருக்கும் சார். இவர் முழிச்சு என்னைப் பார்த்துக்கிட்டேதான் சரிஞ்சார். பிடிங்கன்னு சொல்லக்கூட வாய் வரல."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

மார்ச் 11

அடித்துப் போட்டதுபோல் உடம்பு. பகல் முழுக்கப் படுத்திருந்தேன்.

ஏப்ரல் 6

அக்காவை நிறுத்திவிட்டார்கள். சேதி கேட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். திங்கட்கிழமையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வேறு அச்சகமாம். "அங்க ஃபேன் இருக்கு" என்றார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

மே 2

ஆணை வந்துவிட்டது. முழு இழப்பீடு. 'எந்த வேலையும் செய்ய இயலாதவர்.' இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை அலைச்சல். வந்ததும் அதை இரண்டாவது முறை படிக்க முடியவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது.

மனைவி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "கஷ்டமா இருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மே 21

இருபது நாளாக இந்த நோட்டை எடுக்கவே இல்லை. வீட்டுச் செலவுக்காகப் பார்த்துவந்த மாலை வேலையை மனைவி விட்டுவிட்டாள். இன்று வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். பாதி வழியில் தரை சரிந்தது. நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அவசரப்படவில்லை. தரை நின்றது.

பிறகு போய் வெங்காயம் வாங்கினோம்.